சிக்லாயோவில் இரண்டு நாள்: தூக்குமே பிரமிடுகளும் சிப்பான் கல்லறைப் புதையலும், எதை முதலில் பார்ப்பது?

#1 பயணப்பை

வடக்குப் பெருவுக்கு இரண்டு பேருக்கான திட்டம். லிமாவிலிருந்து திங்கள் மாலை விமானத்தில் சிக்லாயோ. செவ்வாய், புதன் இரண்டு முழு நாள். வியாழன் காலை பஸ்ஸில் த்ருஹியோ. தூக்குமே பிரமிடுகள், லம்பாயேக்கே ஊரில் இருக்கும் சிப்பான் அரசக் கல்லறை அருங்காட்சியகம், சிப்பான் தோண்டப்பட்ட இடம் ஆகிய மூன்றும் கட்டாயம். நேரம் இருந்தால் நாலாவது ஒன்று சேர்க்கலாம்.

கேள்விகள்: எந்த வரிசை? ஒரே நாளில் மூன்றையும் காட்டுவதாகச் சொல்லும் டூர் எடுக்கலாமா? இவை இன்கா காலத்துக்கு எவ்வளவு முந்தியவை? ஒருவர் சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி?

#2 வடகரை

ஒரே நாள் டூர் வேண்டாம். காரணம் தூரம் இல்லை, நேரம். சிக்லாயோவிலிருந்து லம்பாயேக்கே வடக்கே 12 கி.மீ. தூக்குமே அதே திசையில் 33 கி.மீ. ஆனால் சிப்பான் தோண்டப்பட்ட உவாக்கா ராஹாதா கிழக்கே, எதிர்ப்பக்கம், ஏறக்குறைய 35 கி.மீ. டூர் வண்டி காலையில் கிழக்கே போய்த் திரும்பி, மறுபடி சிக்லாயோ நெரிசலைக் கடந்து வடக்கே போகும். கடைசியில் அடிபடுவது அருங்காட்சியகம்தான். குறைந்தது மூன்று மணி நேரம் கேட்கிற இடத்தை ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடுவார்கள்.

இப்படிப் பிரியுங்கள்:

செவ்வாய் காலை உவாக்கா ராஹாதா. எட்டு மணிக்குள் கிளம்பி மதியத்துக்குள் சிக்லாயோ திரும்பிவிடலாம். பிற்பகல் ஃபெர்ரெஞாஃபே ஊரில் சிக்கான் தேசிய அருங்காட்சியகம். சிக்லாயோவிலிருந்து இருபது கி.மீ.க்குள்தான். உங்கள் நாலாவது இடம் இதுவாகவே இருக்கட்டும்.

புதன் காலை நேராக தூக்குமே. வெயில் ஏறும் முன் நடந்து முடித்து, மதியம் லம்பாயேக்கேவில் சாப்பிட்டு, ஒரு மணிக்கு அரசக் கல்லறை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் மூடும்வரை பார்க்கலாம். ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள்.

திங்கள் மாலை வந்து சேர்வது நல்லதாகப் போயிற்று. அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. இந்தப் பகுதிக்குத் திட்டம் போடுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்தத் திங்கட்கிழமையில்தான்.

#3 மண்கல்

வடகரை சொன்ன பிரிப்பு சரி. காலக்கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் பயணக் குறிப்புகளில் பாதிப் பேர் எல்லாவற்றையும் "இன்கா பிரமிடு" என்று எழுதிவைக்கிறார்கள். பெரிய தவறு.

சிப்பான் அரசர் மோச்சே பண்பாட்டைச் சேர்ந்தவர். அடக்கம் நடந்தது கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில். மோச்சே மங்கி கி.பி. 800 சுமாரில் அதே பள்ளத்தாக்குகளில் எழுந்ததுதான் லம்பாயேக்கே பண்பாடு. அதற்கே சிக்கான் என்றும் பெயர். அவர்களுடைய பெரிய மையம் இன்றைய பொமாக் காட்டுக்குள் இருந்தது. கி.பி. 1050 - 1100 வாக்கில் நீண்ட வறட்சி. அங்கே மேடைகளின் உச்சியில் இருந்த கோயில்கள் எரிந்துபோன தடயம் இன்றும் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் தலைமை இடம் தூக்குமேவுக்கு மாறுகிறது. 1375 வாக்கில் தெற்கிலிருந்து சிமூ அரசு வந்து பிடித்தது. இன்கா வந்தது 1470 சுமாரில். ஸ்பானியர் 1532இல் வந்துவிட்டார்கள். ஆக, தூக்குமேயில் இன்கா ஆட்சி முழுதாக எழுபது ஆண்டு கூட இல்லை. பிரமிடுகளைக் கட்டியவர்கள் அவர்கள் அல்லர். அங்கத்துப் பெரிய மேடையான உவாக்கா லார்காவின் உச்சியில் தங்கள் கட்டடம் ஒன்றைச் சேர்த்தார்கள், அவ்வளவே.

சிப்பான் அரசருக்கும் தூக்குமேவுக்கும் இடையில் எழுநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. புதன்கிழமை இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், "இந்தப் பிரமிடில் கிடைத்த தங்கம்தான் அந்த மியூசியத்தில் இருக்கிறது" என்று குழப்பிக்கொள்ள நேரும்.

#4 செப்புத்தகடு

வரிசையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அருங்காட்சியகம் முதலில், தோண்டிய இடம் பிறகு.

உவாக்கா ராஹாதாவில் தங்கம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அங்கே அரித்துப்போன இரண்டு பெரிய மண்மேடுகள், பக்கத்தில் ஒரு சின்ன மேடை, மேடைக்குள் திறந்த குழிகள், குழிகளில் மாதிரி எலும்புக்கூடுகளும் மாதிரி நகைகளும். அசல் அரசரும் அசல் நகைகளும் லம்பாயேக்கேவில். முதலில் அசலைப் பார்த்தவருக்கு அந்தக் குழியின் ஒவ்வொரு மூலையும் பேசும். பார்க்காதவருக்கு அது வெறும் குழி.

#5 வடகரை

இதில் நான் ஒத்துப்போகமாட்டேன். அந்த அருங்காட்சியகத்தின் அமைப்பே, தோண்டிய வரிசையில் மேலிருந்து கீழே இறங்குவது. அந்தச் சின்ன மேடையைக் கண்ணால் பார்த்து அதன் அளவை உணர்ந்துவிட்டு வந்தால்தான் இறங்குவதன் பொருள் புரியும். இவ்வளவு சிறிய இடத்துக்குள் இத்தனை கல்லறைகளா என்ற வியப்பு மேடையருகே நிற்கும்போதுதான் வரும். அங்கேயும் 2009இல் திறந்த ஒரு தல அருங்காட்சியகம் இருக்கிறது, பிற்பாடு கிடைத்த பொருட்கள் அதில் உள்ளன. வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

#6 செப்புத்தகடு

சரி, இருவருமே காரணத்தோடுதான் சொல்கிறோம். வரிசை எதுவானாலும் உள்ளே என்ன பார்ப்பது என்பது முக்கியம். விரிவாக எழுதுகிறேன்.

கட்டடம் 2002இல் திறந்தது. மோச்சே மேடைக் கோயிலின் சாயலில் செந்நிறம். வாசலில் பை, கேமரா, போன் மூன்றையும் ஒப்படைக்க வேண்டும். படம் எடுக்க முடியாது என்று பலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் கைபேசி இல்லாத கூட்டம் கண்ணாடிப் பெட்டி முன் அமைதியாக நிற்கும், உங்களுக்கும் நின்று பார்க்க இடம் கிடைக்கும். சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. வெளி வெயிலிலிருந்து நுழைந்ததும் ஐந்து நிமிடம் கண் பழகட்டும். படிக்கும் கண்ணாடி போடுபவர் அதை ஒப்படைத்த பையிலேயே விட்டுவிட வேண்டாம்.

நீண்ட சாய்தளம் வழியாக உச்சித் தளத்தில் நுழைகிறீர்கள். அங்கே மோச்சே மக்கள் யார், என்ன பயிரிட்டார்கள், மண்கலங்களில் என்ன வரைந்தார்கள் என்பது. இதை அவசரமாகத் தாண்டாதீர்கள். கலங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும்: கைதிகளின் குருதியைக் கிண்ணத்தில் ஏந்தி, ஒளிக்கதிர் சூழ்ந்த ஒரு தலைவனுக்குக் கொடுப்பது. அவன் பக்கத்தில் பறவை உருவில் ஒரு பூசாரி. வெகுகாலம் இதைத் தொன்மக் கதை என்றே நினைத்திருந்தார்கள். 1987இல் கல்லறை திறந்தபோது அந்தத் தலைவன் அணிந்திருந்த அதே பிறைவடிவத் தலையணி, அதே காதணி, அதே இடுப்பணி உண்மையான ஓர் உடலின் மேல் இருந்தன. அடுத்த கல்லறையில் ஆந்தைத் தலையணியும் கிண்ணமும் வைத்திருந்த பூசாரி. அதாவது சட்டியில் வரைந்திருந்தது உண்மையில் நடந்த சடங்கு, அதை நடத்தியவர்கள் இவர்கள்தான். மேல்தளத்துச் சட்டிகளை மனதில் பதித்துக்கொண்டு கீழே இறங்கினால் இந்தக் கண்டுபிடிப்பை நீங்களே செய்தது போல இருக்கும்.

நடுத்தளம் நகைகள். மூன்று பொருளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஒன்று, காதணி. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் தட்டு. நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு போர்வீரன், பொன்னும் பச்சைநீலக் கல்லும் இழைத்தது. அவன் கழுத்தில் ஆந்தைத் தலைகளைக் கோத்த மாலை, ஒவ்வொரு தலையும் கடுகை விடக் கொஞ்சம் பெரிது. கையிலிருக்கும் கதாயுதம் தனியே கழலும். மூக்கில் தொங்கும் பிறை தனித் தகடு, அசையும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், நேரே நின்றால் கதாயுதம் தெரியாது. வாத்து, மான் உருவம் கொண்ட ஜோடிகளும் அருகில் உண்டு.

இரண்டு, நிலக்கடலை மாலை. வலப்பக்கம் பத்துக் கடலை பொன், இடப்பக்கம் பத்துக் கடலை வெள்ளி. ஓட்டின் மேல் இருக்கும் வலைக்கோடுகள் கூட அச்சாக. பொன் வலம், வெள்ளி இடம் என்ற இந்தப் பிரிவினை கல்லறை முழுதும் தொடர்கிறது. கதிரவன், நிலா, ஆண், பெண் என்ற இரட்டைகளாக அறிஞர்கள் இதைப் படிக்கிறார்கள்.

மூன்று, சிலந்தி மாலை. இது சிப்பான் அரசருடையது அன்று. அவருக்கும் முந்தியவர், இன்னும் ஆழத்தில் கிடைத்த "பழைய அரசர்" என்பவருடையது. பொன் கம்பியால் பின்னிய வலை மேல் பத்துச் சிலந்திகள், ஒவ்வொன்றின் உடலிலும் மனித முகம்.

கீழ்த்தளத்தில் கல்லறை. சிப்பான் அரசரின் அசல் எலும்புகள் இங்கேதான் கிடத்தப்பட்டுள்ளன. 35 முதல் 45 வயதுக்குள் இறந்தவர். மரப்பலகைச் சவப்பெட்டி, செம்புப் பட்டையால் இறுக்கியது. சுற்றி மூன்று பெண்கள், ஆண்கள், ஒரு குழந்தை, ஒரு நாய், லாமாக்கள். கூரைக்கு மேலே பாதம் வெட்டப்பட்ட ஒரு காவலாள், இடத்தை விட்டு நகரக்கூடாது என்பதற்காக. இங்கே குரல் தாழ்த்தி நிற்பதுதான் முறை. அது காட்சிப்பொருள் மட்டும் அன்று, ஒரு மனிதரின் உடல்.

#7 பயணப்பை

மிக நன்றி. ஒரு சந்தேகம். பல பொருட்கள் பச்சையாக, களிம்பு பிடித்தது போல இருப்பதாகப் படித்தேன். தங்கம் களிம்பு பிடிக்காதே?

#8 செப்புத்தகடு

அவை பொன் அல்ல, பொன் பூசிய செம்பு. மோச்சே கொல்லர்களின் உச்சத் திறமை அதுதான். செம்பைத் தகடாக அடித்து, உப்பும் படிகாரமும் வெடியுப்பும் போன்ற தாதுக்களைக் கரைத்த நீரில் பொன்னைக் கரைத்து, அதில் தகட்டைத் தோய்ப்பது. மின்சாரம் இல்லாமலே பொன் மெல்லிய படலமாகச் செம்பின் மேல் படியும். பிறகு சூடேற்றினால் பிடித்துக்கொள்ளும். ஹெதர் லெக்ட்மன் என்ற ஆய்வாளர் இதைச் சோதனைக் கூடத்தில் செய்து காட்டினார். படலம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். பதினேழு நூற்றாண்டு ஈர மண்ணில் கிடந்தபோது உள்ளிருந்த செம்பு அரித்துப் பச்சை உப்பாக வெளியே வந்து பொன்னை மூடிவிட்டது. சிப்பான் பொருட்களில் பலவற்றை ஜெர்மனியின் மைன்ஸ் நகருக்கு அனுப்பி, அந்தப் பச்சையை அணு அணுவாக நீக்கி, அடியில் இருந்த பொன்னை மீட்டார்கள். மீட்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள் கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள்.

#9 மண்கல்

தூக்குமே பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். எகிப்து போலக் கூர்முனையோ கல்லோ கிடையாது. சுடாத செங்கல், அதாவது நம் ஊர்ப் பேச்சில் பச்சைக்கல். 220 ஹெக்டேரில் 26 பெரிய மேடைகள். தூரத்திலிருந்து பார்த்தால் மழையரித்த செம்மண் குன்று போலத்தான் இருக்கும். அது குன்று அல்ல, மனிதர் அடுக்கியது என்று கண்ணுக்கு நிச்சயமாவதற்கு அரை மணி நேரம் ஆகும்.

ஏன் இப்படி அரித்தது? இது மழையே இல்லாத பாலைக்கரை. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல் நினோ வரும்போது வாரக்கணக்கில் கொட்டும். 1982 - 83, 1997 - 98, 2017 மூன்றும் கடுமையானவை. உச்சியில் விழும் நீர் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளத்தைப் பிடிக்கிறது, அடுத்த மழையில் அதே பள்ளம் ஆழமாகிறது. சுவர்களில் மேலிருந்து கீழாக ஓடும் அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் பழைய எல் நினோக்களின் வடு.

கட்டிய முறையும் கவனிக்கத் தக்கது. முழுவதும் செங்கல் அடுக்கவில்லை. செங்கல் சுவர்களால் கட்டம் கட்டமாக அறைகள் எழுப்பி, அறைகளுக்குள் மணலும் கூளமும் குப்பையும் கொட்டி நிரப்பி, மேலே மூடினார்கள். வேலை சீக்கிரம் முடியும், செங்கல் மிச்சம். பலவீனமும் அதிலேயே இருக்கிறது: வெளிச்சுவர் ஒருமுறை உடைந்தால் உள் நிரப்பு சரியத் தொடங்கும். "ஏறாதீர்கள்" என்று கயிறு கட்டியிருப்பதை மதிக்கச் சொல்வது அதனால்தான். விளிம்பில் வைக்கும் ஓர் அடி, அடுத்த மழைக்கு வழி திறந்துவிடும்.

உவாக்கா லார்கா ஏறக்குறைய 700 மீட்டர் நீளம், 280 மீட்டர் அகலம், 30 மீட்டர் உயரம். பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த அளவு பிடிபடாது. நடுவில் இருக்கும் லா ராயா குன்றில் படி ஏறுங்கள், பார்வை மேடை வரை. அதற்கே புர்கத்தோரியோ என்றும் பெயர். அங்கிருந்து மேடைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்பதும், இடையே அல்கரோபோ மரங்களும், அப்பால் பச்சை வயலும் ஒரே பார்வையில் வரும். படி ஏற்றம் இருபது நிமிடம். நிழல் சுத்தமாகக் கிடையாது. காலை ஒன்பதுக்கு முன் ஏறி இறங்கிவிடுங்கள்.

இன்னொரு பாதை உவாக்கா லாஸ் பால்சாஸுக்கு. மண் சுவரில் புடைப்புச் சிற்பம்: கோரைப்படகில் பறவை முகம் கொண்ட மனிதர்கள், கடல் அலை, முத்துக்குளிப்பது போன்ற காட்சி. கூரை போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். பாதிப் பேர் குன்றில் ஏறிவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு பாதைக்கும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் தல அருங்காட்சியகமும் சேர்த்து மூன்று மணி நேரம்.

கோன்-டிக்கி மிதவைப் பயணத்துக்குப் பேர்போன தோர் ஹெயர்டால் 1988 முதல் இங்கே அகழ்வாய்வு நடத்தினார். அந்தப் படகுச் சிற்பம் அவருக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது என்று நேரில் பார்த்தால் தெரியும். நாய்லாம்ப் என்ற தலைவன் மிதவைகளில் கடல்வழி வந்து இந்த நாட்டை நிறுவினான் என்பது இங்கத்து மூலக்கதை, 1586இல் ஸ்பானியர் ஒருவர் ஏட்டில் ஏற்றியது.

#10 கருவேலங்காடு

அல்கரோபோ என்றதும் ஒரு சேர்க்கை. அது நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இலை, முள், நெற்று எல்லாம் பார்த்த உடனே அடையாளம் தெரியும். நம் ஊரில் வெட்டி ஒழிக்கப் பார்க்கும் இனத்தின் உறவுமரத்தை அங்கே தெய்வம் போல வைத்திருக்கிறார்கள். சிப்பான் கல்லறைக்குக் கூரை உத்தரம் இந்த மரம்தான். நெற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள், அல்கரோபினா என்று பெயர். சைவர் பாலில் கலந்து குடிக்கலாம்.

பொமாக் காடு முழுக்க இந்த மரம், 5,887 ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட வறண்ட காடு. நடுநடுவே சிக்கான் மேடைகள், உவாக்கா லோரோ உட்பட. இரண்டு நாளில் அடங்காது. மூன்றாம் நாள் கிடைத்தால் அதை வையுங்கள். கொசு விரட்டி அவசியம், இந்தப் பகுதியில் டெங்கு உண்டு.

#11 செப்புத்தகடு

பொமாக் போக முடியாவிட்டாலும் ஃபெர்ரெஞாஃபே அருங்காட்சியகம் ஈடு செய்யும். உவாக்கா லோரோவின் கிழக்குக் கல்லறையை 1991இல் இசுமி ஷிமாடா குழுவினர் தோண்டினார்கள். பத்து மீட்டருக்கு மேல் ஆழம். ஒரு டன்னுக்கு மேல் பொருட்கள், பெரும்பகுதி உலோகம். அரசரின் உடல் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. தலையை மட்டும் கழற்றி நேராகத் திருப்பி, சாதிலிங்கம் என்ற சிவப்புத் தாதுப்பொடி பூசிய பொன் முகமூடி அணிவித்திருந்தார்கள். அந்த நிலையை அப்படியே மாதிரியாகக் காட்டுகிறார்கள். கூட்டம் குறைவு. உலோகத் தகடு அடிக்கும் முறையை இவ்வளவு பொறுமையாக விளக்கும் இடம் வேறு அதிகம் இல்லை.

#12 வடகரை

போக்குவரத்து. ஃபெர்ரெஞாஃபே, சிப்பான் இரண்டுக்கும் வேன்கள் எப்செல் முனையத்திலிருந்து கிளம்பும். கும்பலாக ஏற்றும் வேனுக்கு அங்கே கொம்பி என்று பெயர். நேர அட்டவணை கிடையாது, ஆள் நிரம்பினால்தான் நகரும். சிப்பானிலிருந்து திரும்பும்போது இதுதான் பிரச்சினை, பிற்பகல் ஆக ஆக ஆள் சேராது. அதனால்தான் காலையில் போகச் சொன்னேன். தூக்குமேயில் நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பிரமிடுகள் ஒன்றரை கி.மீ. போல, மோட்டோடாக்ஸி கிடைக்கும். அது நம் ஆட்டோவின் தம்பி.

டாக்ஸியில் மீட்டர் இல்லை. ஏறும் முன் பேரம் பேசி முடியுங்கள், காத்திருப்புக்கும் சேர்த்து என்று அழுத்திச் சொல்லுங்கள். கையில் 10, 20 சோல் (பெரு நாட்டுப் பணம்) நோட்டுகள் வேண்டும். 100 நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது. கள்ள நோட்டு புழக்கமும் உண்டு, மீதியாக வாங்கும் நோட்டை வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

சைவம்: "கார்னே இல்லாமல்" என்று மட்டும் கேட்டால் போதாது. அங்கே கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சி மட்டுமே. கோழி போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் இல்லாமல். சோறும் மெனெஸ்த்ரா எனும் பயறுக் குழம்பும் எங்கும் கிடைக்கும், ஆனால் குழம்பில் பன்றிக்கொழுப்பு போடுவதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சிஃபா எனப்படும் சீனச் சாப்பாட்டுக் கடையில் காய்கறிச் சோறு செய்து தருவார்கள். லம்பாயேக்கேவின் கிங் கோங் இனிப்பு, பிஸ்கட் அடுக்குக்கு நடுவே பால்கோவா போல ஒன்று வைத்தது. சில வகைகளில் முட்டை சேரும்.

#13 பயணப்பை

செவ்வாய்: சிப்பான், ஃபெர்ரெஞாஃபே. புதன்: தூக்குமே, லம்பாயேக்கே. முடிவு செய்தாயிற்று. நினைவுப் பொருளாகப் பழைய மண்கலம் ஒன்று வாங்கலாமா?

#14 செப்புத்தகடு

தயவுசெய்து வேண்டாம். மேட்டருகே யாராவது துணியில் சுற்றி "அசல்" என்று காட்டினால் நடந்துவிடுங்கள். பெரும்பாலும் போலி. அசலாக இருந்தால் இன்னும் மோசம், பெருவிலிருந்து அதை வெளியே கொண்டுபோவது குற்றம்.

சிப்பான் வெளிச்சத்துக்கு வந்ததே கொள்ளையால்தான். 1987 பிப்ரவரியில் புதையல் திருடர்கள் அந்த மேடைக்குள் சுரங்கம் தோண்டி ஒரு கல்லறையைக் காலி செய்தார்கள். அப்போது லம்பாயேக்கேவின் ப்ரூனிங் அருங்காட்சியகத்தை நடத்திய வால்டர் ஆல்வாவைப் போலீஸ் அழைத்தது. அவர் அங்கேயே தங்கி மிச்சத்தைக் காத்தார். முதல் கல்லறையில் யார் இருந்தார், எப்படிக் கிடத்தப்பட்டிருந்தார், யார் யார் கூட இருந்தார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது. அதிலிருந்து போன பொன் இடுப்புக்கவசம் ஒன்று 1997இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எஃப்பிஐ கையில் சிக்கி, அடுத்த ஆண்டு பெருவுக்குத் திரும்பியது. பொருள் வந்தது. அது எந்த எலும்பின் மேல் கிடந்தது என்ற செய்தி வரவில்லை.

மாதிரி வேண்டுமென்றால் அருங்காட்சியகக் கடையில் வாங்கி ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். விமான நிலையத்தில் கேட்டால் காட்டலாம். விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் இல்லாமல் கைப்பையில் வையுங்கள்.

#15 வடகரை

ஒன்று விட்டுப்போயிற்று. மாதத்தின் முதல் ஞாயிறு பெருவியருக்கு இலவசம், அன்று அரசக் கல்லறை அருங்காட்சியகத்தில் பள்ளிக் குழந்தைகள், குடும்பங்கள் என்று நெரியும். உங்கள் நாள் செவ்வாய், புதன் என்பதால் கவலையில்லை. இந்த இழையைப் பார்த்து வேறு யாரேனும் ஞாயிறுக்குத் திட்டமிட்டால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே வந்ததும், லம்பாயேக்கேவிலிருந்து சிக்லாயோ திரும்ப வேன் தாராளமாகக் கிடைக்கும்.